எப்போது கேட்கத் தொடங்குவது

மூன்று வரைபடங்கள் அடுப்படித் தரையில்.
மின்விசிறி கிளப்பிவிடாமல் இருக்க
ஒன்றின் மேல் மிளகாய்த்தூள் டப்பா,
ஒன்றின் மேல் மல்டிமீட்டர்,
மூன்றாவதன் மேல் என் கால் கட்டைவிரல்.

"எதைத்தான் செய்யப் போற?"
ஃபிலோமினாவின் இடது காதில் கால் பவுன் கம்மல்.
வலது காதில் துடைப்பத்து ஈர்க்குச்சி,
துளை தூர்ந்துவிடாமல்.
மற்ற கம்மல் காசிமேட்டில், அலை மிதிக்கும் மணலில் எங்கோ,
பெரிய வியாழன் சாயங்காலத்திலிருந்து.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்.
கம்பிச் சுருளுக்குள் மின்சாரத்தை ஓங்கி விட்டு
வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ள வேண்டும்.
சுருள் நானூறு வோல்ட்டுக்குத் துள்ளும்.
துள்ளல் அடங்கியதும் காதை வைக்க வேண்டும்.
பக்கத்தில் உலோகம் இருந்தால்
ஒரு முனகல் மிச்சமிருக்கும்.

உடைந்த நங்கூரம் நீட்டி முழக்கும்,
மேல்மாடிச் சண்டை மாதிரி.
பத்து ரூபாய்க் காசு அதில் பாதி.
மெல்லிய தங்கமோ
சொன்னது தெரியாமல் சொல்லி முடித்துவிடும்,
பத்து மைக்ரோ நொடிக்குள்.

ஆகவே கேள்வி, எப்போது கேட்கத் தொடங்குவது.

மிளகாய்த்தூளுக்குக் கீழே இருப்பது
இரண்டு டைமர் சிப், ஒரு ஹெட்ஃபோன், நானூறு ரூபாய்.
நேரத்தை ரெசிஸ்டர் முடிவுசெய்யும். வைத்தது வைத்ததுதான்.
மல்டிமீட்டருக்குக் கீழே இருப்பதில் திரை உண்டு, எழுத்து வரும்.
வரைந்தவர் இருபத்தைந்து என்று எழுதி மூடிவிட்டார்.
கட்டைவிரலுக்குக் கீழே இருப்பதில்
எல்லாமே எண்.
வேகமான சிப், விலையும் வேகம்தான்.

ரிச்சி தெருவில் அஸ்கர்
மாஸ்ஃபெட்டை எண்ணிக்கொண்டே சொன்னான்,
"முன்னாடியே கேளுங்க சார், சின்னதும் மாட்டும்."
மாட்டும்தான்.
அவன் கடையில் கடல் இல்லை.

கல்லுப்புக் கரைசலை நம்பாமல்
ரோஸ் கலர்க் குடத்தில் கடலையே மொண்டு வந்தேன்.
லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அக்கா கேட்டார்,
"எந்தக் குழாய்ல வருதுண்ணே?"
பதில் சொல்லாமல் நடந்தேன். இன்றுவரை என்னை முறைக்கிறார்.

ப்ரெட்போர்டில் ஒப்புக்கு ஒன்றைக் குத்தி வைத்திருந்தேன்.
இருக்கிற கம்மலைக் கழற்றி
நூலில் கட்டிக் குடத்துக்குள் இறக்கினாள்.

இருபத்தைந்தில் கேட்டேன்.
அமைதி.
பதினைந்தில்
அமைதி.
ஒன்பதில் ஸ்பீக்கர் கீச்சிட்டது,
"மாட்டிடுச்சு" என்று கத்தினேன்,
கோபுரம் கட்டியவன் மாதிரி.

அவள் நூலை மேலே இழுத்தாள்.
கம்மல் காற்றில் சொட்டிக்கொண்டு ஆடியது.
கீச்சு நிற்கவில்லை.

பேசியது தண்ணீர்.
உப்புக்கும் ஒரு முனகல் இருக்கிறது,
அதுவும் சீக்கிரமே செத்துப்போகிறது,
தங்கம் சாகிற அதே நேரத்தில்.

ஆக, கடலை அடக்கி வைத்துவிட்டுக்
கம்மலையும் கேட்காத கருவி ஒன்று.
இரண்டையும் கேட்டு
எது எதுவென்று தெரியாத கருவி ஒன்று.
நடுவில் எதையும் எவரும் வரையவில்லை.

"சில்லறை மாட்டும்னா முதல்ல அதைச் செய்,
ஈயக் காசாவது திரும்பட்டும்" என்றாள்.
நியாயம்.
டப்பாவை நகர்த்தினேன். நகர்த்திய இடத்தில்
காகிதத்தில் சிவப்பாக ஒரு வட்டம்.

கட்டைவிரலை எடுத்தபோது மணி இரண்டு.
மூன்றாவது வரைபடம் பறக்கவில்லை,
வியர்வையில் தரையோடு ஒட்டிக் கிடந்தது.
நிரலில் நேரம் எழுதும் இடத்தை வெற்றாக விட்டு
கைப்பிடியில் ஒரு திருகு சேர்த்தேன்.
முழங்கால் நீரில் நின்று,
ஒவ்வொரு அலைக்கும் திருகி,
கடல் எவ்வளவு பேசுகிறது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.
பிறகு கழிக்க வேண்டும்.
மிச்சம் ஏதாவது வருமா, தெரியாது.

அவள் கம்மலை நைட்டி ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
வலது காதைத் தடவிப் பார்த்தாள்.
குச்சி எங்கோ விழுந்திருந்தது.
தேடவில்லை.
மூலையில் இருந்த துடைப்பத்திலிருந்து
புதிதாக ஒன்றை ஒடித்தாள்.